வழியையும் கேச்சையும் சேர்த்தே அமையுங்கள்

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் ஆயிரம் பேர் ஒரே ரத ஊர்வல வீடியோவைத் திறக்கிறார்கள் என்று வையுங்கள். என்டிஎன் (Named Data Networking, தரவைப் பெயரால் கேட்டு வாங்கும் முறை) நெட்வொர்க்கில் கோரிக்கை சர்வர் முகவரியைத் தேடாது, '/பினாங்கு/தைப்பூசம்/ரதம்/12' என்று பெயரைத்தான் கேட்கும் (12 என்பது வீடியோவின் 12-ஆம் துண்டு). ரூட்டர் முதலில் தன் கேச்சை, அதாவது நகல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் சேமிப்பை, பார்க்கும், அப்புறம் அதே பெயரை ஏற்கெனவே கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்களா என்று நிலுவைப் பட்டியலைப் பார்க்கும், இரண்டிலும் இல்லையென்றால்தான் மேலே அனுப்பும்.

சிக்கல் என்னவென்றால், பக்கத்து ரூட்டரில் நகல் இருந்தாலும் அது நேர்வழியில் இல்லையென்றால் கோரிக்கை அந்தப் பக்கமே போகாது.

அதற்கு ஹாஷ் முறை நல்லது. நான்கு ரூட்டர்களுக்கு 0 முதல் 3 வரை எண் கொடுங்கள். பெயரை ஹாஷ் செய்து, அதாவது ஒரு சூத்திரத்தால் எண்ணாக மாற்றி, 4-ஆல் வகுங்கள், மீதி 2 வந்தால் அந்தத் துண்டு 2-ஆம் எண் ரூட்டருக்கு. சேமிப்பதும் தேடுவதும் இதே கணக்குப்படி நடக்கட்டும். நான்கு கேச்சும் ஒரே வீடியோவைச் சுமக்காது. ஆனால் சுற்றுவழி கூடும், அதனால் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் நகர அளவுக்குள் வையுங்கள், கடலுக்கு அப்பால் உள்ள பட்டர்வொர்த் வரை இழுக்காதீர்கள். எல்லாரும் கேட்கிற வீடியோவை மட்டும் பார்ப்பவர்களுக்குப் பக்கத்திலுள்ள ஓரத்து ரூட்டர்களிலும் வைக்கலாம்.

இதை என்டிஎன்சிம் (ndnSIM) என்ற என்டிஎன் சிமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். கேச் ஹிட் விகிதத்தை (கேச்சிலேயே கிடைத்த கோரிக்கைகளின் பங்கு) மட்டும் நம்பாதீர்கள், சராசரி ஹாப் எண்ணிக்கையையும் (ரூட்டருக்கு ரூட்டர் எத்தனை தாவல்) கட்டாயம் எடுங்கள்.