கல் பட்டுப் பெயர்ந்த கார் பெயிண்ட்: ஒரு பல்குத்தும் குச்சி வைத்தியம்

ஜிஎஸ்டி சாலையில் எம்-சாண்ட் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும். வீட்டுக்கு வந்து பானெட்டைத் துடைக்கும்போது முன் விளிம்பில் கடுகு அளவில் இரண்டு, மிளகு அளவில் ஒன்று என்று பெயிண்ட் தெறித்துப்போயிருக்கும். பட்டறையில் காட்டினால் "பானெட் முழுக்க அடிச்சாதான் சார் கலர் சேரும்" என்பார்கள். ஸ்ப்ரே அடிப்பதென்றால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் மிளகளவு குழிக்கு முழு பானெட்டா? இதற்குப் போய் இன்சூரன்ஸ் க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அழகு வேலை இல்லை, துரு ஏறாமல் அடைக்கும் வேலை. நாலடி தள்ளி நின்றால் தெரியாது, குனிந்து தேடினால் தெரியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்

கார் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், கலர், கடைசியாகக் கண்ணாடி மாதிரி கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்த்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். கிளியர் கோட் தலைமுடித் தடிமன்கூடத் தேறாது.

அடிபட்ட இடத்தைத் தண்ணீரால் நனையுங்கள். ஈரத்தில் கோடு மறைந்துவிட்டால் அது கிளியர் கோட்டில் பட்ட கீறல். ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டுத் தேய்த்தாலே போதும், இந்தப் பதிவு உங்களுக்கு வேண்டாம். மறையாமல் சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. பளபளவென்று உலோகம் தெரிந்தால் தகடு வரை. பழுப்பாக இருந்தால் துரு ஆரம்பித்தாகிவிட்டது. கடற்கரை ஊர்க்காரர்கள் இந்தக் கடைசிக் கட்டத்துக்குச் சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

கலர் குறியீடு இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்

"வெள்ளை கலர் கொடுங்க" என்று கேட்டால் கிடைப்பது ஏதோ ஒரு வெள்ளை. ஒரே கம்பெனியிலேயே இரண்டு மூன்று வெள்ளை இருக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருக்கும் தகட்டிலோ கலர் குறியீடு (color code) அச்சிட்டிருக்கும். அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியீட்டுக்கு உரிய டச்-அப் பாட்டிலை ஷோரூம் உதிரிபாகப் பிரிவில் கேளுங்கள். கார் பெயிண்ட் கலந்து தரும் கடைகளிலும் கொஞ்சமாகக் கலந்து வாங்கலாம். கிளியர் கோட் வாங்கும்போது ஹார்டனர் கலக்க வேண்டியதா என்று கேட்டுவிடுங்கள். ஹார்டனர் வகை நமக்கு வேண்டாம். கலந்த கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும், அதன் ஆவியும் நுரையீரலுக்கு ஆகாது.

இவற்றோடு சிறிய பிரைமர் பாட்டில், 400, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), ஐசோபுரொபைல் ஆல்கஹால், மைக்ரோஃபைபர் துணி, ரப்பிங் காம்பவுண்ட், ஒரு டப்பா பல்குத்தும் குச்சி. நெயில் பாலிஷ் போதும் என்று யாராவது சொல்வார்கள். கலர் சேராது, வெயிலில் நிறமும் மாறும்.

சுத்தம் செய்வது

வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சுடுகிற பானெட்டில் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்துவிடும். மழை ஈரம் நிற்கும் நாளிலும் வேண்டாம், காயும்போது மேலே வெள்ளையாகப் பூத்துவிடும்.

ஷாம்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஆல்கஹால் தொட்ட துணியால் குழியைத் துடையுங்கள். மெழுகோ எண்ணெய்ப் பிசுக்கோ துளி இருந்தாலும் பெயிண்ட் பிடிக்காது. பெட்ரோல், தின்னர் பக்கம் போகாதீர்கள். ஏற்கெனவே ரீபெயிண்ட் செய்த வண்டியாக இருந்தால் தின்னர் நல்ல பெயிண்டையும் கரைத்துவிடலாம். பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயும் கூடாது.

ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும் செதிலைக் குச்சி முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள். துரு இருந்தால் 400 நம்பர் தாளைச் சின்னதாகக் கிழித்து, இறுக்கமாகச் சுருட்டி, அந்த முனையை மட்டும் குழிக்குள் வைத்துத் திருகுங்கள். பழுப்பு போய் உலோகம் தெரிய வேண்டும். சுரண்டியும் போகாத துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் ஒரு சொட்டு வைத்தால் கறுத்து இறுகும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை விடுங்கள். துருவை மூடி மேலே பெயிண்ட் வைத்தால் ஆறு மாதத்தில் கொப்புளமாக எழும்பி வரும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே இந்தத் துருக் கதையே இல்லை. ஆனால் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் பிளாஸ்டிக்குக்கென்று உள்ள பிரைமர் வேண்டும்.

பிரைமர்

தகடு தெரிந்தால் மட்டும். குச்சி முனையில் தொட்டு, குழியின் அடி மறையும் அளவுக்கு ஒரே ஒரு மெல்லிய பூச்சு. ஒரு மணி நேரம் விடுங்கள்.

கலர் வைப்பது

எல்லோரும் சொதப்புவது இங்கேதான். நானும் சொதப்பினேன். பாட்டில் மூடியோடு வரும் பிரஷ்ஷில் தாராளமாகத் தொட்டு ஒரே இழுப்பு. காய்ந்த பிறகு பார்த்தால் கன்னத்தில் மரு முளைத்த மாதிரி பானெட்டில் ஒரு முண்டு. அந்த பிரஷ் மிளகளவு குழிக்கு ரொம்பப் பெரிது.

முதலில் பாட்டிலை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். உள்ளே ஒரு குண்டு உருளும் சத்தம் கேட்கும். மெட்டாலிக் கலர் என்றால் மினுக்குத் துகள் அடியில் தங்கியிருக்கும், அது கலங்காவிட்டால் கலர் வேறாக வரும். அப்புறம் மூடியின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டு, குச்சி முனையை அதில் தொட்டு எடுங்கள். முனையில் துளி தொங்கக் கூடாது, நனைந்திருந்தால் போதும். குழியின் நடுவில் லேசாகத் தொட்டால் பெயிண்ட் தானே இறங்கி ஓரம் வரை பரவும். அதைப் பார்த்துக்கொண்டு கையை எடுத்துவிடுங்கள். இழுக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம். ஓரத்தைத் தாண்டி வழிந்தால் ஈரம் காய்வதற்குள் ஆல்கஹால் துணியால் துடைத்து மறுபடி ஆரம்பியுங்கள்.

அரை மணி நேரம் கழித்து வந்தால் பெயிண்ட் காய்ந்து உள்வாங்கிக் குழி மறுபடி தெரியும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். இன்னொரு தொடல், இன்னொரு அரை மணி. மூன்று நான்கு முறை ஆகும். குழி முழுதாக நிரம்பக் கூடாது. கிளியர் கோட்டுக்கு ஒரு துளி இடம் வேண்டும்.

மெட்டாலிக், சில்வர் கலர்களில் இது கொஞ்சம் கறுத்த புள்ளியாகத் தெரியலாம். ஸ்ப்ரேயில் துகள்கள் சமமாகப் படுத்திருக்கும், சொட்டில் கண்டபடி கிடக்கும். உங்கள் கையில் குறை இல்லை.

கிளியர் கோட்

கலர் வைத்த மறுநாள் அதே குச்சி வித்தைதான். ஒன்றிரண்டு தொடல், இந்த முறை விளிம்பைவிட மயிரிழை மேலே நிற்கட்டும். ஒரு வாரம் கை வைக்காதீர்கள்.

மட்டம் தட்டுவது

இதைச் செய்யாமலும் விடலாம். பயமாக இருந்தால் கட்டாயம் விடுங்கள், துரு எப்படியும் அடைபட்டாயிற்று. செய்வதென்றால், ரப்பர் வைத்த பென்சிலின் ரப்பர் முனையில் 2000 நம்பர் தாளைப் பொட்டு மாதிரி வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, மேடான இடத்தில் மட்டும், அழுத்தாமல் பத்து முறை தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வந்தால் கிளியர் கோட் தேய்கிறது என்று அர்த்தம். வண்டி கலர் தண்ணீரில் கலந்தால் உடனே நிறுத்துங்கள். விரலால் தடவும்போது மேடு தட்டுப்படாவிட்டால் 3000 தாளில் கொஞ்சம், பிறகு ரப்பிங் காம்பவுண்ட். மங்கிய இடம் பளபளப்புக்குத் திரும்பும். மெழுகு போடுவதை ஒரு மாதம் தள்ளிவையுங்கள், பிரஷர் வாஷையும் அதுவரை அந்த இடத்துக்குக் கிட்டே காட்ட வேண்டாம்.

மீந்த பாட்டிலை மூடும் முன் கழுத்தைத் துடைத்துவிடுங்கள். நான் துடைக்காமல் மூடினேன். அடுத்த கல் பட்ட அன்று கட்டிங் பிளேயர் வைத்துத் திருகியதில் மூடி உடைந்ததுதான் மிச்சம்.