பவளம் வாடும்போது எல்லோரும் செய்கிற தவறுகள்

ரீஃப் டேங்கில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், ஒரு பவளம் சுருங்கிவிட்டது என்றால் பெரும்பாலானவர்கள் ஒரே நாளில் நாலைந்து காரியம் செய்துவிடுகிறார்கள். பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கைக் குறைத்து, தண்ணீரைச் சுத்திகரிக்கும் கார்பன் போட்டு, யாரோ சொன்ன மருந்தையும் ஊற்றி, போதாததற்குப் பவளத்தையும் தூக்கி வேறு மூலையில் வைத்துவிடுவார்கள். அது தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது, செத்தாலும் எதனால் செத்தது என்று தெரியாது. அடுத்த மாதம் பக்கத்துப் பவளம் அதே மாதிரி போகும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

டெஸ்ட் கிட்டை எடுப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து தொட்டியைப் பாருங்கள். வாடியிருப்பது ஒன்று மட்டுமா, ஒரே வகையைச் சேர்ந்தவை மட்டுமா, இல்லை எல்லாமேவா? ஒன்று மட்டும் என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுவதில் அர்த்தம் இல்லை. அந்த இடத்து வெளிச்சம், நீரோட்டம், பக்கத்துப் பவளத்தின் கொட்டு, கொத்துகிற மீன், ஒட்டுண்ணி, இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா மட்டும் வாடி மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் ஆல்கலினிட்டி (பவளம் எலும்பு கட்டத் தேவையான கார்பனேட்டுகளின் அளவு) ஏறி இறங்கியிருக்கலாம், இல்லை அக்ரோபோராவை மட்டும் தின்கிற பூச்சி வந்திருக்கலாம். காளான் பவளம் முதல் எல்லாமே ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால்தான் உப்பு, வெப்பநிலை, உலோகம் என்று தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும்.

அடுத்து, வெள்ளையாகிவிட்டதெல்லாம் ஒன்றே என்று நினைப்பது. இந்தத் தவறால் உயிரோடு இருக்கிற பவளங்கள் குப்பைக்குப் போகின்றன. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து வெள்ளைப் பகுதியை உற்றுப் பாருங்கள். எலும்புக்கு மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய சதை இருந்து, குட்டிக் குட்டி வாய்களும் தெரிந்தால் அது வெளுப்பு. சதைக்குள் குடியிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் ஜூசாந்தெல்லே பாசியை இழந்திருக்கிறது, அவ்வளவுதான், பவளம் இன்னும் சாகவில்லை. வெளிச்சத்தைக் குறைத்து, நுண்ணிய உணவு கொடுத்து, மற்ற எதையும் அசைக்காமல் விட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. சதையே இல்லாமல் சுண்ணாம்பு எலும்பு மட்டும் தெரிந்து, நிறமுள்ள பகுதிக்கும் வெள்ளைக்கும் நடுவே கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு இருந்தால், அது சதை உரிதல். அந்த எலும்பில் சில நாட்களில் பச்சைப் பாசி படர ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

உரிதலிலும் வேகத்தைக் கவனிக்க வேண்டும். அடியிலிருந்து வாரக்கணக்கில் மெல்ல ஏறினால் யோசிக்க நேரம் இருக்கிறது. ஒரே இரவில் சதை துண்டு துண்டாகக் கழன்று மிதந்தால் யோசிக்கவே கூடாது. கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, ஆரோக்கியமான கிளையை வெட்டித் தனியாக ஒட்டிவையுங்கள், காரணம் தேடுவது அப்புறம். டார்ச் கோரல், ஹேமர் கோரல் மாதிரி தலை தலையாக வளரும் பவளங்களில் பழுப்பு நிறக் கூழ் படிந்தாலும் இதே அவசரம்தான். அதைப் பம்பால் ஊதிக் கலைத்துவிடாதீர்கள், சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு அந்தத் தலையை வெட்டிப் பிரியுங்கள்.

லெதர் கோரல் என்கிற மென்பவளம் மட்டும் இதற்கெல்லாம் விலக்கு. அது அவ்வப்போது சுருங்கி, மெழுகு பூசின மாதிரி ஆகி, ஒரு வாரம் அல்லது அதற்கு மேலும் அப்படியே இருந்துவிட்டு, மேல்தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி விரியும். அது அதன் இயல்பு. கொஞ்சம் நீரோட்டம் கிடைத்தால் போதும், மருந்துக் குளியல் எதுவும் வேண்டாம்.

இப்போது எண்களுக்கு வருவோம். அதிகப் பவளங்களைக் கொல்வது, நான் பார்த்தவரை, ஆல்கலினிட்டியின் ஏற்ற இறக்கம்தான். இயற்கைக் கடல்நீரில் அது சுமார் 7 டிகேஹெச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு), தொட்டிகளில் 7 முதல் 11 வரை வைக்கிறார்கள். 8-ல் நிற்கிறதா 9-ல் நிற்கிறதா என்பதைவிட அங்கேயே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரே நாளில் இரண்டு மூன்று டிகேஹெச் குதித்தால் கிளை நுனிகள் கருகும், அடிப்பகுதி உரியும். ஒரு முறை சோதித்து "8.5, சரியாக இருக்கிறது" என்று மூடிவைப்பதால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் நேற்று அது 10.5 ஆக இருந்ததா என்று அந்த எண் சொல்லாது. தினமும் ஒரே நேரத்தில், நாலைந்து நாட்களாவது சோதியுங்கள்.

இதற்குப் பதிலாகக் கால்சியத்தைத் தினமும் சோதிப்பவர்கள் உண்டு. பவளம் எலும்பு கட்டும்போது 2.8 டிகேஹெச் குறைந்தால் கால்சியம் சுமார் 20 பிபிஎம்தான் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறையும். 420 பிபிஎம்மில் 20 என்பது பல கிட்களின் பிழைக்குள்ளேயே காணாமல் போய்விடும், ஆனால் ஆல்கலினிட்டி 9-லிருந்து 6.2-க்கு விழுந்தால் யார் கண்ணிலிருந்தும் தப்பாது. இரண்டுமே நிலைக்காமல் விழுந்துகொண்டிருந்தால் மெக்னீசியத்தைப் பாருங்கள், 1250 முதல் 1350 பிபிஎம் வரை இருக்க வேண்டும்.

கால்சியம், ஆல்கலினிட்டிக் கரைசல்களைத் தானாக ஊற்றும் டோசிங் பம்ப் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். நோயுற்ற பவளம் எலும்பு கட்டுவதைக் குறைத்துவிடும், பம்ப் பழைய அளவையே ஊற்றிக்கொண்டிருக்கும், ஆல்கலினிட்டி ஏறும், ஏறியதால் மீதிப் பவளங்களும் கெடும். சின்னதாக ஆரம்பித்த பிரச்சினை தொட்டி முழுக்கப் பரவுவதற்கு இது ஒரு முக்கியமான வழி, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ தொற்றுநோய் மாதிரியே தெரியும்.

பிஹெச்சைத் துரத்துவதும் கடைசியில் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். இரவில் 7.8 என்று பார்த்துப் பயந்து பஃபர் (பிஹெச்சையும் ஆல்கலினிட்டியையும் ஏற்றும் கரைசல்) ஊற்றுகிறார்கள். அது 7.8 ஆனதற்குக் காரணம் பெரும்பாலும் மூடிய அறையில் சேர்ந்த கரியமில வாயு. பஃபர் சில மணி நேரம் ஏற்றிக் காட்டும், பிறகு அறைக்காற்று பழையபடி இறக்கிவிடும், மறுநாள் மறுபடி ஊற்றுவார்கள். ஒரு வாரத்தில் பிஹெச் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆல்கலினிட்டி மட்டும் 12-ஐத் தாண்டியிருக்கும். ஜன்னலைத் திறங்கள், இல்லையென்றால் ஸ்கிம்மரின் (நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) காற்றுக் குழாயை வெளிக்காற்றுக்கு நீட்டுங்கள்.

உப்பைப் பொறுத்தவரை தவறு பெரும்பாலும் கருவியில். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியத்துக்குச் சரிசெய்துவிட்டு, கடல்நீரின் அளவான 35-லும் சரியாகத்தான் காட்டும் என்று நம்புகிறார்கள். பூஜ்ஜியத்தில் சரியாக இருக்கும் கருவி 35-ல் நன்றாகவே பிசகலாம், அதனால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும். முள் ஊசலாடும் வகை மீட்டரில் முள்ளின் மேல் ஒரு குமிழி ஒட்டினாலே உப்பு கூடுதலாகக் காட்டிவிடும். இன்னொன்று, ஸ்கிம்மர் நீர்த்த கழிவாக வெளியே தள்ளும்போது உப்புத் தண்ணீர் போகிறது, ஆட்டோ டாப்-ஆஃப் அந்த இடத்தைத் தானாகவே உப்பில்லாத தண்ணீரால் நிரப்புகிறது. நாள் கணக்கில் யாருக்கும் தெரியாமல் உப்பு இறங்கிக்கொண்டே இருக்கும்.

சுத்தம் பற்றிய வெறியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அக்கறையுள்ளவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட் பூஜ்ஜியம் என்று கிட் காட்டினால் பெருமைப்படாதீர்கள். பவளத்துக்கும் அதன் பாசிக்கும் இரண்டுமே தேவை. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்று இருந்தால் பெரும்பாலான பவளங்கள் நன்றாகவே வாழும். பட்டினி போட்டால் நிறம் மங்கும், சதை மெலிந்து எலும்பின் வரிகள் துருத்தும், அதோடு ஆல்கலினிட்டியும் அதிகமாக இருந்தால் நுனிகள் கருகும். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகளை முழு அளவில் ஒரேயடியாகப் போடுவது பவளத்துக்குப் பெரிய அதிர்ச்சி. பூஜ்ஜியத்தில் கிடக்கும் தொட்டியில் டைனோஃப்ளாஜெல்லேட் என்கிற நுண்ணுயிர்களும் வந்து உட்காரும், பழுப்பு நூல் நூலாக, நுனியில் குமிழியோடு. அதை அழுக்கு என்று நினைத்து இன்னும் தண்ணீர் மாற்றினால் இருக்கிற கொஞ்சநஞ்சச் சத்தும் போய் அது இன்னும் செழிக்கும்.

வெளிச்சத்துக்கு ஒரே அடையாளம் போதும். மேற்புறம் வெளுத்து, நிழல் விழுகிற அடிப்புறம் நிறத்தோடு இருந்தால் வெளிச்சம் அதிகம். பழுப்பாக மாறினால் வெளிச்சம் குறைவு அல்லது சத்து அதிகம். புதிய எல்இடியைக் குறைவாக ஆரம்பித்துப் பல வாரங்களில் ஏற்றுங்கள். இடம் மாற்றினால் இரண்டு வாரமாவது அங்கேயே விடுங்கள்.

பூச்சிகளைப் பகலில் தேடுவது வீண். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சோடு போங்கள். அக்ரோபோராவின் அடித்தண்டில் வட்ட வட்டமாக வெளிர் கடித்தடங்கள் இருந்தால், குழாயால் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சுங்கள், தட்டைப்புழு இருந்தால் கழன்று விழும். தட்டுத் தட்டாக வளரும் மான்டிபோரா பவளத்தில் என்றால் தட்டின் அடி ஓரத்தில் வெள்ளை நுடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் மாதிரி விரியும் ஜோவான்தஸைத் தின்னும் நுடிபிராங்க் தின்றதன் நிறத்தையே ஏற்றுக்கொள்வதால் மூடிக்கிடக்கும் பாலிப் என்றே கண் நினைக்கும். இங்கே நடக்கும் தவறு, ஒரே ஒரு டிப்போடு (பூச்சியைக் கொல்லும் மருந்துக் குளியலோடு) நிறுத்துவது. டிப் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டைகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை என்று பல வாரம் திரும்பச் செய்ய வேண்டும். அதே இரவில் கலக்ஸியா பவளத்தின் நீண்ட கொட்டும் இழைகள் எதுவரை நீள்கின்றன என்றும் பாருங்கள், பகலில் எட்டாது என்று நினைத்த பவளம் இரவில் எட்டும் தூரத்தில் இருக்கும்.

எல்லா எண்களும் சரி, பூச்சியும் இல்லை, ஆனால் எல்லாமே மெல்ல வாடுகிறது, நத்தைகளும் சாகின்றன என்றால் உலோகத்தைச் சந்தேகப்படுங்கள். பம்புகளையும் காந்தக் கிளீனர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், உறை விரிசல் விட்டுத் துரு கசிந்தால் அதுவே போதும். ஹீட்டரில் வெடிப்பு இருக்கிறதா, ஆர்ஓ-டிஐ வடிகட்டியிலிருந்து வரும் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருட்களின் அளவு) 0 தானா என்றும் பாருங்கள். செம்பு மிகக் குறைந்த அளவிலேயே முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொல்லும், சாதாரணக் கிட்டில் அந்த அளவு தெரியாது. ஐசிபி என்கிற ஆய்வகப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்புங்கள், அதுவரை நல்ல கார்பனை ஓடவிடுங்கள்.

பவளம் தாமதமாகத்தான் பேசும். இன்று உரிகிற சதைக்குக் காரணம் நேற்று நடந்ததில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, மூன்று வாரத்துக்கு முன் மாற்றின உப்பு பிராண்டோ, ஒரு இரவு அணையாமல் ஓடின ஹீட்டரோ இருக்கலாம். அதனால் செய்கிற மாற்றங்களைத் தேதியோடு குறித்துவையுங்கள், நினைவை நம்ப வேண்டாம். நீல விளக்கில் எடுக்கிற படம் அழகாக இருக்கும், நோயைக் காட்டாது. வெள்ளை விளக்கில், ஒரே கோணத்தில், இரண்டு நாளுக்கு ஒரு முறை படம் எடுத்து அந்த உரிதல் கோட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். கோடு நகர்ந்துகொண்டே இருந்தால் காரணம் இன்னும் தொட்டியில் இருக்கிறது. ஒரு வாரமாக அதே இடத்தில் நின்று, சதையின் ஓரம் கூர்மை போய் உருண்டு தடித்திருந்தால் பவளம் திரும்பிவருகிறது, அப்போது அதை வெட்டவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம்.