மொபைல் ஆப்பில் மொத்த அப்டேட்: எங்கே சறுக்குகிறது?

கடை ஆப் ஒன்றுக்கு 5,000 பொருள்களின் புது விலை சர்வரிலிருந்து வருகிறது. லூப் போட்டு ஒவ்வொன்றாக அப்டேட் செய்தால் எமுலேட்டரில் ஓடிவிடும். விலை குறைந்த போனில் இழுத்தடிக்கும். பழி, போனிலேயே தரவைச் சேமிக்கும் டேட்டாபேஸான எஸ்கியூலைட் (SQLite) மேல் விழும். ஆனால் ரெக்கார்டை மாற்றுவது அதற்கு ஒரு வேலையே இல்லை. டிரான்சாக்‌ஷன் (முழுதாக முடியும், இல்லையேல் ஒன்றுமே மாறாத ஒரே கட்டு வேலை) என்று நாம் சொல்லாவிட்டால் ஒவ்வொரு அப்டேட்டையும் தனி டிரான்சாக்‌ஷனாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஸ்டோரேஜில் உறுதி செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். நேரம் போவது அதில்தான். ரூம் (Room) என்பது ஆண்ட்ராய்டில் எஸ்கியூலைட்டைக் கையாளும் லைப்ரரி. அதன் அப்டேட் ஃபங்ஷனுக்கு மொத்த லிஸ்ட்டையும் கொடுங்கள், ஒரே டிரான்சாக்‌ஷனில் முடித்துவிடும். திரையில் இருக்கும் பட்டியலும் சும்மா சும்மா புதுப்பிக்கப்படாது.

ஒரு பிரிவுக்கு மட்டும் 5 சதவீதம் விலை ஏற்ற வேண்டுமா? லிஸ்ட்டே வேண்டாம். எல்லாவற்றையும் மெமரிக்குக் கொண்டுவந்து பெருக்கித் திரும்ப எழுதுவது வீண் வேலை. எந்தெந்த ரெக்கார்டுகள் என்று சொல்லும் 'வேர்' (WHERE) போட்ட ஒரே அப்டேட் வாக்கியம் போதும். அந்த 'வேரில்' வரும் ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் இந்த 'இன்சர்ட் ஆர் ரீப்ளேஸ்' (INSERT OR REPLACE) கட்டளை. இருப்பதிலேயே மோசமான பொறி இதுதான். அப்டேட் மாதிரி தெரியும். உண்மையில் பழைய ரெக்கார்டை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறது. வாடிக்கையாளர் போட்டு வைத்த 'பிடித்தவை' குறி சர்வர் தரவில் இருக்காது, அது போய்விடும். டேபிள்களை இணைக்கும் ஃபாரின் கீயில் ஆன் டெலீட் கேஸ்கேட் (ஒன்றை அழித்தால் அதோடு இணைந்ததையும் அழிக்கும் விதி) இருந்தால் அந்தப் பொருளோடு இணைந்த பில் விவரங்களும் சேர்ந்தே போகும். எரர் எதுவும் வராது, புகார்தான் வரும். எஸ்கியூலைட் 3.24 முதல் அப்சர்ட் (ரெக்கார்டு இருந்தால் மாற்றும், இல்லாவிட்டால் சேர்க்கும்) இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 வரை உள்ள போன்களில் பொதுவாக அதைவிடப் பழைய பதிப்புதான். ரூம் 2.5-இல் வந்த அப்சர்ட் அங்கேயும் வேலை செய்யும். ஆனால் டேபிளின் எல்லா ஃபீல்டும் உள்ள முழு என்டிட்டியைக் கொடுத்தால் அதுவும் 'பிடித்தவை' மேல் எழுதிவிடும். விலை மட்டும்தான் மாறுகிறது என்றால் ஐடி, விலை இரண்டு மட்டும் உள்ள சின்ன கிளாஸ் ஒன்றை அப்டேட்டுக்குக் கொடுங்கள்.

ஐடிகளை ஒரே 'இன்' (IN) பட்டியலில் அடுக்குகிறவர்கள் கவனிக்க: 3.32-க்கு முந்தைய எஸ்கியூலைட்டில் ஒரு வாக்கியத்துக்கு இயல்பாக 999 வேரியபிள்கள்தான் (ஒவ்வொரு ஐடியும் ஒரு வேரியபிள்). அதைத் தாண்டினால் கிராஷ். ஐநூறு ஐநூறாகப் பிரித்து அனுப்புங்கள், ஆனால் எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கட்டும்.

சரி, எல்லாவற்றையும் டிரான்சாக்‌ஷனுக்குள் போட்டுவிடலாம் என்று சர்வரைக் கூப்பிடுவதையும் உள்ளே வைத்துவிடாதீர்கள். எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். நெட்வொர்க் தொங்கினால், கவுன்டரில் பில் போடுகிறவரும் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.