டைம்ஸோன் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிமுனை, ராயபுரம் பக்கம் ஷிப்பிங் அலுவலகங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுபவர்களிடம் நேரம் பல ஊர்களிலிருந்து வந்து சேரும். ராட்டர்டாமில் கப்பல் கிளம்பிய நேரம், சிங்கப்பூரில் கன்டெய்னர் ஏற்றிய நேரம், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வரும் நேரம் எல்லாமே ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்து வரிசையாகத்தான் வரும். கணக்கு பெரும்பாலும் கெடுவது அந்த ஸ்ட்ரிங்கை முதலில் படிக்கும் வரியில்.

ராட்டர்டாமிலிருந்து "26/10/2025 02:30" என்று வருகிறது. நெதர்லாந்தில் அன்று அதிகாலை 3 மணிக்குக் கடிகாரத்தை 2 மணிக்குத் திருப்பி வைத்தார்கள். அதனால் 02:30 இரண்டு முறை வந்தது. முதல் 02:30 என்றால் சென்னையில் காலை 6:00. இரண்டாவது என்றால் 7:00. பைத்தானில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் ஃபோல்டு (fold) மதிப்பு 0 என்றால் முதலாவது, 1 என்றால் இரண்டாவது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 0 என்றே எடுத்துக்கொள்ளும். அதே ஆண்டு மார்ச் 30 அன்று கடிகாரத்தை 2 மணியிலிருந்து நேராக 3 மணிக்குத் தள்ளி வைத்ததால், 02:30 என்ற நேரமே அங்கே கிடையாது. இந்தியாவில் கடிகாரம் மாற்றும் வழக்கம் இல்லாததால் இங்கே டெஸ்ட் செய்யும்போது இது கண்ணில் படாது. அனுப்புகிறவர்களிடம் "+02:00" போல, யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று சொல்லும் ஆஃப்செட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். "ஐஎஸ்டி" என்று மட்டும் எழுதி வந்தால் நம்ப வேண்டாம்: இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்குமே அந்தச் சுருக்கம் உண்டு.

ஆஃப்செட்டை யூஆர்எல்லில் அனுப்பினால் இன்னொரு சிக்கல். குறியாக்கம் செய்யாத கூட்டல் குறி மறுமுனையில் இடைவெளியாக மாறிவிடும். அதை %2B என்று மாற்றி அனுப்ப வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் "2025-10-26" என்று தேதியை மட்டும் கொடுத்தால் யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் அது காலை 5:30, தேதி மாறாது, யாருக்கும் சந்தேகமும் வராது. நியூயார்க்கில் திறந்தால் 25ஆம் தேதி காட்டும். இதற்கு நேர்மாறானது நம்மையே கடிக்கும்: இங்கே 26ஆம் தேதி நள்ளிரவை யூடிசியில் எழுதித் தரும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) வழியாகச் சேமித்தால் 25ஆம் தேதி 18:30 என்று பதிவாகும். படிவத்தில் பிறந்த தேதி ஒரு நாள் பின்னால் போவது பெரும்பாலும் இதனால்தான். பிறந்த தேதிக்கு நேரமே தேவையில்லை; தேதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பைத்தானில் நேரம் சரியாக 23 நிமிடம் தள்ளிப் போகிறதா? பழைய பைடிஸட் (pytz) நூலகத்தின் ஏசியா/கொல்கத்தா மண்டலத்தை நேரடியாக, மண்டலத்தைக் குறிக்கும் டிஸட்இன்ஃபோவில் (tzinfo) கொடுத்திருப்பார்கள். அந்தப் பதிவின் முதல் வரியில் இருப்பது பழைய கல்கத்தா உள்ளூர் நேரம், +5:53. (1906க்கு முன் 5:21:10 என்ற மதராஸ் நேரமும் அதே பதிவில் இருக்கிறது.) அந்த நூலகத்தின் லோக்கலைஸ் (localize) மூலம் மண்டலத்தைச் சேருங்கள், பைத்தான் 3.9 முதல் உள்ள ஸோன்இன்ஃபோ (zoneinfo) இன்னும் நல்லது.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் டைம்ஸோன் இல்லாத டைம்ஸ்டாம்ப் வகைக்கு "+05:30" உடன் ஸ்ட்ரிங் கொடுத்தால், பிழை எதுவும் சொல்லாமல் அந்த ஆஃப்செட்டை விட்டுவிடும். மண்டலத்துடன் கூடிய வகையும் மண்டலத்தின் பெயரைச் சேமிப்பதில்லை, யூடிசியாக மாற்றித்தான் வைக்கும். நடந்து முடிந்த நிகழ்வுக்கு அதுவே போதும். அடுத்த ஆண்டுக்கான சந்திப்புக்கு உள்ளூர் நேரத்தையும் ஐரோப்பா/ஆம்ஸ்டர்டாம் போன்ற முழுப் பெயரையும் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும், ஏனெனில் அரசுகள் விதியை மாற்றும்.

டெஸ்ட்டுகளை உங்கள் லேப்டாப் நேரத்தில் மட்டும் ஓட்டாதீர்கள். கணினியின் நேர மண்டலத்தைச் சொல்லும் டிஸட் (TZ) மாறியை ஒருமுறை யூடிசி, ஒருமுறை அமெரிக்கா/நியூயார்க் என வைத்து அதே டெஸ்ட்டுகளை ஓட்டுங்கள். விடை மாறினால், எங்கோ ஒரு வரி கணினியின் நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது.