மொழிபெயர்ப்பு வேலையா? முதலில் ஒரு வாக்கியத்தைக் கூகுளில் தேடுங்கள்

முன்பின் தெரியாத ஒருவர் மொழிபெயர்க்கச் சொல்லி அனுப்பிய கட்டுரையிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். (கோப்பைத் தரவிறக்க வேண்டாம், ஜிமெயில் முன்னோட்டத்திலேயே படித்துவிடலாம்.) அனுப்பியவருக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு தளத்தில் அது அப்படியே கிடைத்தால், இது மோசடியாக இருக்கலாம், பதில் போடாதீர்கள்.

மோசடிக்காரருக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை, அதனால் இணையத்தில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டி அனுப்புகிறார். அவருடைய குறியெல்லாம், பேசிய தொகையைவிடப் பெரிய காசோலை ஒன்றை அனுப்பிவிட்டு 'தவறுதலாகக் கூடப் போய்விட்டது, மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்று கேட்பதில்தான் இருக்கிறது. அமெரிக்க வங்கிகளில் காசோலைப் பணம் சீக்கிரமே கணக்கில் தெரியும், போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். அப்போது வங்கி முழுத் தொகையையும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய மீதி போனது போனதுதான்.

நிறுவனம் தன் சொந்த இணையதளத்தையோ வெளியான ஆண்டறிக்கையையோ மொழிபெயர்க்கத் தந்தால் இந்தச் சோதனை பொருந்தாது. உரையே இல்லாமல் 'சிவி அனுப்புங்கள்' என்று மட்டும் வந்தாலும் உதவாது. அப்போது, பதில் போகும் மின்னஞ்சல் முகவரி, அனுப்பியவர் சொல்லும் நிறுவனத்தின் டொமைனில்தான் (@ குறிக்குப் பின் வரும் இணையப் பெயர்) இருக்கிறதா என்று பாருங்கள்.