கோதுமையைத் துரத்தும் அறுவடைக் குழுக்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரில் நெல் அறுக்கும் இயந்திரம் வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் ஏறி வரும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசுவோம், அறுத்து முடித்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடும். அமெரிக்காவின் நடுச் சமவெளியில் இதே தொழில் மாதக்கணக்கில், மாநிலம் மாநிலமாக நடக்கிறது. மே மாதக் கடைசியில் டெக்சாஸின் வடபகுதியில் குளிர்காலக் கோதுமை முற்றும். ஜூனில் ஓக்லஹோமா, கான்சஸ். ஜூலையில் நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா. ஆகஸ்டில் மொன்டானா, வடக்கு டகோட்டா. கோதுமை தெற்கிலிருந்து வடக்காகப் பழுத்துக்கொண்டே போக, கம்பைன் (அறுத்துக் கதிரடிக்கும் இயந்திரம்), டிராக்டர், லாரி, குடியிருக்கும் கேம்பர் வண்டி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு குழுவும் பின்னாலேயே போகும்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1944-ல், போர்க்காலத்தில் எஃகுக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு இருந்தபோது, மாஸி ஹாரிஸ் நிறுவனம் 500 கம்பைன்களைக் கூடுதலாகச் செய்ய அமெரிக்க அரசிடம் அனுமதி வாங்கியது. வாங்குபவர் ஒவ்வொருவரும் குறைந்தது 2,000 ஏக்கர் அறுத்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வருடம் அவை பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் அறுத்தன. ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு அறுக்கும் தொழில் பெரிதாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குக் கம்பைன் ஓட்டுவதை நினைத்துத்தான் பயம். அது சில நாட்களில் பழகிவிடும். இப்போதைய இயந்திரங்கள் செயற்கைக்கோள் உதவியோடு தாமே நேராகப் போகின்றன. பணம் போவதும் ஆள் அடிபடுவதும் பெரும்பாலும் வயலின் ஓரத்தில், சாலையில், கிடங்கு வரிசையில், மழை விடக் காத்திருக்கும் நாட்களில். அதனால் இங்கே அவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் அவசரம். பனி காயாமல் அறுத்தால் தானியத்தில் ஈரம் நிற்கும். ஈரப்பதம் சுமார் 13.5 சதவீதத்தைத் தாண்டினால் கிடங்கில் விலையைக் குறைப்பார்கள், சில இடங்களில் லாரியையே திருப்பி அனுப்புவார்கள். ஆகவே பல நாட்களில் பத்து, பதினொரு மணிக்குத்தான் அறுப்பு தொடங்கும், இரவு தாள் நமத்துப்போகும் வரை ஓடும். கதிரை உள்ளங்கையில் கசக்கி, ஊதி, மணியைக் கடித்துப் பார்ப்பது அங்கேயும் உண்டு. கடுக்கென்று உடைந்தால் தயார் என்று அர்த்தம். ஆனால் பல்லை மட்டும் நம்பி ஒரு லாரியை நிரப்பிவிடக் கூடாது. கொஞ்ச தூரம் அறுத்து, ஒரு டப்பாவில் அள்ளிக் கிடங்குக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பதுதான் வழக்கம். அந்த மாதிரியை மேட்டில் மட்டும் எடுப்பது இன்னொரு தவறு. பள்ளத்தில் பயிர் பின்தங்கிப் பச்சையாக இருக்கலாம்.

அடுத்தது எடைச் சீட்டு. இதில் வரும் தவறு சத்தமில்லாமல் வரும், ஆனால் செலவு அதிகம். அங்கே கூலி மணிக் கணக்கில் கிடையாது. மூன்று எண்களாகப் பேசுவார்கள்: ஏக்கருக்கு இத்தனை டாலர், ஏக்கருக்கு 20 புஷெலுக்கு (புஷெல் என்பது அங்கே தானியம் அளக்கும் அலகு) மேல் விளைந்தால் மிகும் ஒவ்வொரு புஷெலுக்கும் இத்தனை சென்ட், கிடங்குக்கு ஏற்றிப் போக புஷெலுக்கு இத்தனை சென்ட். மூன்றும் 25 என்று வைத்துக்கொள்வோம். 50 புஷெல் விளைந்த வயலில் ஏக்கருக்கு 25 டாலர், மிகுதி 30 புஷெலுக்கு ஏழரை டாலர், ஏற்றுகூலி பன்னிரண்டரை டாலர், ஆக 45 டாலர். வறட்சியில் 15 புஷெல்தான் விளைந்தது என்றால் 29 டாலருக்கும் குறைவு. டீசல் செலவு, ஆள் கூலி, தவணை எதுவும் அதே அளவில் குறையாது. கூலி பேசும்போது வழக்கமான விளைச்சலை மனதில் வைத்துக்கொண்டு அந்த வருடத்து மழையைப் பார்க்காமல் விடுகிறவர் மாட்டிக்கொள்வார்.

இந்தக் கணக்கு முழுக்க எடைச் சீட்டை நம்பியிருக்கிறது. ஒரு புஷெல் கோதுமை 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ. ஒரு பெரிய லாரி சுமார் 900 புஷெல் கொண்டுபோகும். கிடங்கில் கொடுக்கும் சீட்டில் விவசாயி பெயரும் வயல் பெயரும் சரியாக ஏற வேண்டும். அங்கேயும் வாரக் குத்தகை உண்டு. மூன்றில் ஒரு பங்கு நிலக்காரருக்கு, மீதி பயிரிட்டவருக்கு என்பது பரவலான ஏற்பாடு. ஒரே விவசாயி நாலு பேர் நிலத்தைப் பயிரிடுவார், அவற்றுக்கிடையே வரப்புகூட இருக்காது. இந்த வயலின் கடைசித் தானியத்தையும் அடுத்த வயலின் முதல் தானியத்தையும் ஒரே லாரியில் கொட்டிவிட்டு, ‘எல்லாம் ஒரே ஆளுடையதுதானே’ என்று ஓட்டுநர் நினைத்தால், வருடக் கடைசியில் விவசாயிக்கும் நிலக்காரருக்கும் நடுவில் சண்டை. அடுத்த வருடம் அந்தக் குழுவுக்கு அழைப்பு வராது. வயல் மாறும்போது கம்பைன், தானிய வண்டி, லாரி மூன்றையும் காலி செய்யச் சொல்வது இதற்காகத்தான். அரை மணி நேரம் போகும், போகட்டும்.

வயல் மாறிப் போவது இன்னும் மோசம். சமவெளியில் நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்திருக்கிறார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல், 640 ஏக்கர், ஒரு செக்ஷன். அதில் கால் பங்கு 160 ஏக்கர். ‘அந்த செக்ஷனின் வடகிழக்குக் கால்’ என்று விவசாயி போனில் சொல்லுவார். எல்லாச் சாலையும் ஒரே மாதிரி, எல்லா வயலும் ஒரே நிறம். பக்கத்து வீட்டுக்காரர் கோதுமையை அறுத்துத் தள்ளிவிட்டால் மறுபடி ஒட்ட வைக்க முடியாது. வாய்ச் சொல்லை நம்பாமல், வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். முதல் முறை என்றால் விவசாயியே வந்து காட்டட்டும்.

சாலைக்கு வருவோம். கம்பைனை டிரெய்லரில் ஏற்றினால் அகலம் பன்னிரண்டு அடியைத் தாண்டும். கம்பைனின் முன்னால் பயிரை அறுக்கும் 40 அடி நீள ஹெட்டரைக் கழற்றி, தனி டிரெய்லரில் நீளவாக்கில் வைத்து இழுப்பார்கள். மாநிலத்துக்கு மாநிலம் தனி அனுமதிச் சீட்டு, தனி விதி. அகலச் சுமை இருட்டில் போகக் கூடாது என்பது பல மாநிலங்களில் உண்டு. எல்லை தாண்டும் நேரத்தைத் தவறாகக் கணக்குப் போட்டால் வழியிலேயே இரவு தங்க வேண்டியதுதான். லாரியும் சரக்கும் சேர்ந்து பெரிய நெடுஞ்சாலையில் 80,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் கொட்டலாம் என்று ஆசைப்பட்டால், மிச்சப்படுத்திய நடையை அபராதம் விழுங்கிவிடும். கிராமத்துப் பாலங்களில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் படிக்காமல் போவது அதைவிட ஆபத்து.

மின்கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தானியம் கொட்டும் நீண்ட குழாயை விரித்தபடியே வயல் ஓரத்தில் திரும்புகிறவர்கள் மேலே பார்ப்பதில்லை. கம்பியில் பட்டுவிட்டால் இயந்திரத்தை விட்டு இறங்கக் கூடாது, மின்சாரம் நிறுத்தும் வரை உள்ளேயே உட்கார வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், இயந்திரத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து விலக வேண்டும். பதற்றத்தில் ஒரு காலைப் படியிலும் ஒரு காலை மண்ணிலும் வைப்பதுதான் உயிரை எடுக்கும்.

தீ என்றதும் இன்னொன்று. முற்றிய கோதுமை, நாற்பது டிகிரி வெயில், சமவெளிக் காற்று. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு சூடான பேரிங் போதும். பதரும் தூசியும் எஞ்சின் மேலும் புகைக்குழாயைச் சுற்றியும் படிந்துகொண்டே இருக்கும். பனி காயக் காத்திருக்கும் காலை நேரத்தில் காற்றழுத்தக் குழாயால் அதை ஊதித் தள்ளுவதும் கிரீஸ் வைப்பதும்தான் முதல் வேலை. அந்த நேரத்தைக் காபியோடு கழிப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பைனைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள்கூடச் செய்யும் தவறு பிக்கப் வண்டியில் இருக்கிறது. சாப்பாடு கொடுக்கவோ உதிரிபாகம் தரவோ வயலுக்குள் ஓட்டி வந்து, உயரமான அரிதாளின் மேலேயே நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிடுவார்கள். வண்டிக்கு அடியில் புகைக்குழாய் கொதிக்கும், காய்ந்த தாள் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வெறும் மண் உள்ள இடத்தில்தான் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்திலும் தீயணைப்பான் வேண்டும், தண்ணீர் டாங்கி கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். தீக்கு முன்னால் மண்ணைப் புரட்டித் தடுக்க, வட்டுக் கலப்பை பூட்டிய டிராக்டர் ஒன்று பக்கத்தில் நிற்கிறதா என்று விவசாயியிடம் முதல் நாளே கேட்டுவிடலாம். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தானிய இழப்பு பற்றிச் சுருக்கமாக. கம்பைனுக்குப் பின்னால் சதுர அடிக்குச் சுமார் 20 மணி கிடந்தால் ஏக்கருக்கு ஒரு புஷெல் போகிறது என்று கணக்கு. ஆனால் பின்னால் மட்டும் எண்ணிவிட்டு இயந்திரத்தைத் திருகக் கூடாது. அறுக்காத பயிரின் அடியிலும் எண்ண வேண்டும், காற்றிலும் ஆலங்கட்டியிலும் முன்பே உதிர்ந்தது அதில் இருக்கும். மதிய வெயிலுக்குச் சரியாக வைத்த இயந்திர அமைப்பு இரவில் சரிப்படாது, தாளின் தன்மை மாறிவிடும்.

எப்போது கிளம்புவது என்பதுதான் உண்மையிலேயே கடினம். ஓக்லஹோமாவில் மழை பிடித்துக்கொண்டு இன்னும் முன்னூறு ஏக்கர் நிற்கிறது. கான்சஸ்காரர் ‘என் பயிர் தயார்’ என்று போன் செய்கிறார். இருவரும் பல வருட வாடிக்கையாளர்கள். நடந்துகொண்டிருப்பதைப் பாதியில் விட்டுப் போவதுதான் பெரிய தவறு என்பது என் எண்ணம். விட்டுப்போன செய்தி அந்தக் கிடங்கு வரிசையிலேயே பரவிவிடும். அதற்காக அடுத்தவரிடம் ‘நாளைக்கு வந்துவிடுவோம்’ என்று தினமும் சொல்லிக்கொண்டிருப்பதும் சரியில்லை. முற்றி நிற்கும் கோதுமை ஒரு ஆலங்கட்டி மழையில் கால் மணி நேரத்தில் காணாமல் போகும். குழுவை இரண்டாகப் பிரிக்கலாம், இல்லாவிட்டால் தெரிந்த வேறொரு குழுவை அனுப்பி வைக்கலாம். நிலைமையை உள்ளபடி சொல்லிவிட்டால், மாற்று ஏற்பாடு செய்யும் நேரமாவது அவருக்குக் கிடைக்கும்.

மழை நாட்களில் குழுவின் மனநிலையும் கெடும். பத்துப் பேர் சில கேம்பர் வண்டிகளில் வாரக்கணக்கில் ஒன்றாக இருக்கிறார்கள். துணி துவைப்பது, தூங்குவது, பழுது பார்ப்பது மூன்றையும் அந்த நாட்களில் முடிக்காமல் ஊர்க் குடிக்கடையில் உட்கார்ந்துவிட்டு, வெயில் அடித்ததும் பதினாலு மணி நேர வேலைக்கு வருகிறவர்தான் லாரி ஓட்டும்போது தூங்கி விழுவார். பல குழுக்களில் முதலாளியின் மனைவிதான் சமையல், கணக்கு, கேம்பர் நகர்த்துவது எல்லாவற்றையும் பார்க்கிறார். வயல் மாறியதை அவருக்குச் சொல்ல மறந்தால் சூடான சாப்பாடு வேறொரு வயலில் நிற்கும்.

இந்த வேலைக்கு வெளிநாட்டு இளைஞர்கள், குறிப்பாகத் தென்னாப்பிரிக்கர்கள், எச்-2ஏ என்ற பருவகால விவசாய விசாவில் நிறைய வருகிறார்கள். அந்த விசாவில் தங்குமிடம் முதலாளியின் பொறுப்பு. வேலை வாங்கித் தர வேலையாளிடம் தரகுப் பணம் வாங்குவது விதிப்படி தடை. யாராவது ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

அப்புறம், சுத்தம். ஒரு பண்ணையின் களை விதையை அடுத்த பண்ணைக்கு இயந்திரமே சுமந்துபோகும். 2001-ல் வடக்கு டெக்சாஸின் சில கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) கர்னால் பன்ட் என்ற பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது, அங்கே அறுத்த இயந்திரங்கள் கழுவி முடிக்காமல் வெளியேற முடியாத நிலை வந்தது. கனடாவுக்குள் போகும் குழுக்களையும் இயந்திரத்தில் மண் ஒட்டியிருந்தால் எல்லையில் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே கிளம்பும் முந்தைய நாளே கழுவும் இடத்தைப் பேசி வைத்துவிடுவது நல்லது. ஹெட்டரின் அடிப்பகுதி, தானியத் தொட்டியின் மூலைகள், கற்கள் விழும் குழி ஆகிய மூன்றையும்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.