‘இதர வாகனங்கள்’ கட்டத்தைப் பிரிப்பது எப்படி: நீலகிரி மலைப்பாதைக்கு ஒரு விபத்துப் பதிவேடு

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையில் தமிழ்நாட்டின் கணக்கு 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு, குன்னூர் பாதையில் தேயிலைக் கொழுந்து ஏற்றி வரும் பிக்கப்புக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. டிராக்டர், ஜேசிபி, தண்ணீர் டேங்கர், ஆம்புலன்ஸ், பள்ளி வேன் எல்லாம் தொகுப்பு அட்டவணைக்குப் போகும்போது ‘சரக்கு வாகனம்’, ‘வேன்’, ‘இதர’ என்ற பெரிய கட்டங்களில் கரைந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையை எஸ்டேட், தேயிலைத் தொழிற்சாலை, ஓட்டுநர் சங்கம், ஊராட்சி என்று வண்டிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் செய்ய முடியும். ஒரு நீள நோட்டு போதும்.

பதிவேட்டில் என்ன எழுத வேண்டும்

தேதி, நேரம், இடம் என்று எல்லாரும் எழுதுவார்கள். மலையில் இடத்தை ‘பர்லியார் அருகே’ என்று எழுதினால் பயனில்லை. மலையடிவாரத்துக் கல்லாறு முதல் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. எல்லாவற்றுக்கும் எண் பலகை உண்டு. எத்தனையாவது வளைவு, அதற்கு மேலா கீழா, எத்தனை மீட்டர், பக்கத்துக் கிலோமீட்டர் கல் எது என்று எழுதுங்கள். செல்போனில் அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஏற்றமா, இறக்கமா. அச்சிட்ட படிவங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். மலைப்பாதையில் இந்த ஒரு சொல் இல்லாத பதிவு பாதிப் பதிவு.

வாகன வகைக்கு இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வகுப்பு, மற்றொன்றில் அன்றைக்கு அந்த வண்டி செய்துகொண்டிருந்த வேலை. ஒரே பிக்கப் காலையில் கேரட், மத்தியானம் கொழுந்து, சாயங்காலம் சிலிண்டர் ஏற்றும். காகிதத்தில் மூன்றும் ஒரே வகை. சாலையில் மூன்றும் வேறு வேறு வண்டி. லோடு எத்தனை கிலோ, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ‘முதலில் நடந்தது என்ன’ என்றொரு கட்டம். பிரேக் பிடிக்கவில்லை, டயர் வழுக்கியது, எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கியதில் விளிம்பு சரிந்தது, டிரெய்லர் தள்ளியது, பனிமூட்டத்தில் முன்வண்டி தெரியவில்லை என்று நடந்ததை அப்படியே எழுதுங்கள். ‘அஜாக்கிரதை’ என்று மட்டும் எழுதாதீர்கள். முதல் தகவல் அறிக்கைகளில் அந்தச் சொல் இல்லாத தாளே கிடைக்காது. வழக்குக்கு அது வேண்டும், அடுத்த விபத்தைத் தடுக்க அது உதவாது.

தகவல் எங்கே கிடைக்கும்? முதல் தகவல் அறிக்கையில் பிரிவு எண்ணைப் பார்த்தாலே காயத்தின் அளவு தெரியும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி 106(1) என்றால் மரணம், 125(b) கொடுங்காயம், 125(a) சிறுகாயம், 281 மட்டும் இருந்தால் ஆபத்தாக ஓட்டியது. அதற்கு முந்தைய தாள்களில் இவை முறையே 304ஏ, 338, 337, 279. ஐந்தாண்டுக் கணக்கு எடுப்பவர்கள் இரண்டு வரிசையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 2024 நடுவில் விபத்து திடீரென்று நின்றுபோனதுபோல் தோன்றும். காயமே இல்லாத உரசல்கள் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. அவை ஒர்க்ஷாப் பில்லிலும் இன்சூரன்ஸ் கோப்பிலும் கிடக்கும். பம்பர், பக்கக் கண்ணாடி, பிரேக் லைனிங் மாற்றிய பில்களை எடுத்துப் பாருங்கள். எச்சரிக்கை அங்கேதான் முதலில் வரும்.

எண்ணைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

அரசு அறிக்கையில் இரண்டு விதமான அட்டவணைகள் உண்டு. ஒன்று இறந்தவர் எதில் போனார் என்பது, இன்னொன்று எந்த வண்டி மோதியது என்பது. டிப்பர் மோதி ஸ்கூட்டர்காரர் இறந்தால் முதல் அட்டவணையில் அது இருசக்கர வாகனத்தின் கணக்கு. டிப்பர் அங்கே தெரியவே தெரியாது. 2022-ல் நாடு முழுவதும் இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தினர் என்பது முதல் வகை எண். அதைக் காட்டி ‘லாரியால் அவ்வளவு ஆபத்தில்லை’ என்று பேசுவது தவறு. உங்கள் பதிவேட்டிலும் காயம்பட்டவர் வண்டிக்குள் இருந்தாரா, வெளியே இருந்தாரா என்று தனியாகக் குறியுங்கள். கனரக வண்டிகளில் இந்தப் பிரிவு சொல்லும் செய்தி பெரியது.

அடுத்து, எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை விபத்து என்ற வகுத்தல். கணக்குக்காக ஒரு தொழிற்சாலையை வைத்துக்கொள்வோம். 20 கொழுந்து வண்டிகள், தினம் 40 கிலோமீட்டர், வருடம் 300 நாள்: 2,40,000 கிலோமீட்டர். விபத்து 2. அதே இடத்தில் 5 டிராக்டர்கள், தினம் 6 கிலோமீட்டர், 250 நாள்: 7,500 கிலோமீட்டர். விபத்து 1. வெறும் எண்ணிக்கையில் கொழுந்து வண்டி மோசம். லட்சம் கிலோமீட்டருக்கு என்று பார்த்தால் கொழுந்து வண்டி 0.83, டிராக்டர் 13.3. ஆனாலும் ஒரே ஒரு விபத்தை வைத்து டிராக்டர் பதினாறு மடங்கு ஆபத்து என்று பலகை எழுதிவிடாதீர்கள். சராசரியாக வருடத்துக்கு 4 விபத்து நடக்கும் இடத்தில், எதுவும் மாறாமலே ஒரு வருடம் 1 வரும், இன்னொரு வருடம் 8 வரும். 8-லிருந்து 3-க்கு இறங்கியதும் புதுப் பலகைதான் காரணம் என்று கைதட்டுவது அதனால்தான் அவசரம். சிறிய எண்களை மூன்று அல்லது ஐந்து வருடமாகச் சேர்த்தே பாருங்கள்.

சுற்றுலா வண்டிகளுக்கு இந்த வகுத்தல் முன்பு சிரமமாக இருந்தது. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) வந்தபிறகு, மேலே எத்தனை வண்டி ஏறுகிறது என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் போட்டார்கள். டி.என். 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிகளும் அரசுப் பேருந்துகளும் அதில் வராது என்பதை மறக்க வேண்டாம். ஜேசிபிக்கு எதிர்ப்பக்கச் சிக்கல்: மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் இங்கே மண் அள்ளும் இயந்திரம் ஓட்ட முடியாது என்பதால் சாலையில் அது குறைவு. அதனால் விபத்தும் குறைவாகத் தெரியும். பாதுகாப்பானது என்று பொருளில்லை.

பெரும்பாலும் வெப்பம்

பதிவேட்டை ஒழுங்காக வைத்தால் இறக்கம், லோடு, பிரேக் என்ற மூன்றும் ஒரே வரியில் அடிக்கடி வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். காரணம் எளிய இயற்பியல். குன்னூர் ஏறக்குறைய 1,700 மீட்டர், கல்லாறு 400 மீட்டர். 16 டன் பேருந்து அந்த 1,300 மீட்டர் இறங்கினால் சுமார் 20 கோடி ஜூல், அதாவது 57 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளியேற வேண்டும். வீட்டில் 2 கிலோவாட் கீசரை இருபத்தெட்டு மணி நேரம் விடாமல் ஓட்டினால் வரும் சூடு அது. ஒரு மணி நேரத்துக்குள் அதை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சின் வாங்காத மிச்சமெல்லாம் பிரேக் டிரம்முக்குள் போகும். டிரம் சூடானால் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். மிதி கெட்டியாகவே இருக்கும், வண்டி நிற்காது.

ஹைட்ராலிக் பிரேக் உள்ள பிக்கப், வேன், ஆம்புலன்ஸில் இன்னொரு வழியிலும் போகும். டாட் 3 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் இழுத்தபின் 140. டாட் 4-க்கு 230, ஈரமானால் 155. கொதித்தால் குழாயில் ஆவி சேரும், மிதி பலகை வரை இறங்கிவிடும். மலையில் ஈரக்காற்றுக்குக் குறைவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுங்கள், மேலே ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது.

ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்க வேண்டும், லோடு இருந்தால் அதற்கும் ஒன்று கீழே. கியரை வளைவுக்கு முன்பே, இறக்கம் தொடங்கும் இடத்திலேயே போட்டுவிட வேண்டும். வேகம் ஏறியபின் கீழ் கியர் விழாது. நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் பிடிப்பும் போச்சு. பிரேக்கை மேலே கால் வைத்தபடி தேய்க்காமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து முழுதாக விடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டினால் டீசல் மிச்சமாகும் என்ற பழக்கம் இன்னும் சாகவில்லை. அணைத்தால் பவர் ஸ்டீயரிங் கல்லாகும், பிரேக் மிதிக்கு உதவும் வேக்குவம் பூஸ்டர் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஏர் பிரேக் வண்டியில் காற்றை நிரப்பும் கம்ப்ரஸர் நின்றுவிடும்.

பிரேக் கருகும் வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்துங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கட்டக் கூடாது, தண்ணீரும் ஊற்றக் கூடாது, டிரம்மில் விரிசல் விழும். இருபது நிமிடமாவது ஆறட்டும்.

வண்டிக்கு வண்டி

டிராக்டரில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்கும் தாழ். வயலில் ஒரு பக்கம் திரும்பத் தனித்தனியாக விட்டிருப்பார்கள். அப்படியே சாலைக்கு வந்து ஒரு மிதியை அழுத்தினால் ஒரு பின்சக்கரம் மட்டும் பிடித்து டிராக்டர் சுழலும். டிரெய்லருக்குப் பிரேக் இல்லையென்றால் இறக்கத்தில் அது தள்ளும். வளைவில் தள்ளினால் டிராக்டரும் டிரெய்லரும் கத்தி மடங்குவதுபோல் மடங்கும். லோடைப் பின்பக்கம் குவித்தால் கொக்கி மேலே தூக்கி, டிராக்டரின் பின்டயர் பிடிப்பை இழக்கும். பாரம் டிரெய்லர் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். கொக்கி ஊசிக்குப் பூட்டு, கூடவே ஒரு சங்கிலி. பிரதிபலிப்புப் பட்டை பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை. சேறு படிந்தால் இல்லாததற்குச் சமம், துடையுங்கள். கிளட்ச்சை மிதித்தபடி இறங்குவது எந்த டிராக்டரிலும் கூடாது.

ஜேசிபியிலும் அதே மிதித் தாழ் உண்டு. பின்னால் தோண்டும் கைக்கு (பூம்) பூட்டு ஊசி, முன் பக்கெட் தரைக்கு ஓரடி மேலே. பக்கெட்டை உயரே தூக்கிக்கொண்டு இறங்கினால் பார்வையும் மறையும், பாரமும் மேலே போகும்.

தண்ணீர் டேங்கரை நிரம்பவோ காலியாகவோ ஓட்டுங்கள். பாதி நிரம்பிய டேங்க்தான் கவிழ்வது, ஏனென்றால் வளைவில் தண்ணீர் வெளிப்பக்கம் ஏறி நிற்கும். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத டேங்கர்கள் கோடையில் ஊட்டியில் நிறைய ஓடுகின்றன.

கொழுந்து எடை குறைவு, இடம் அதிகம். அதனால் கூண்டுக்கு மேலேயும் மூட்டை ஏறுகிறது. கொழுந்தின் மேல் ஆள் உட்கார்ந்து வருவதைச் சட்டம் தடுக்கிறது. வளைவில் சாயும் வண்டியிலிருந்து முதலில் விழுவது அவர்தான்.

பெரிய சுற்றுலாப் பேருந்தில் சமவெளி ஓட்டுநருக்குப் புரியாதது பின்சக்கரம் உள்ளே வெட்டுவது. முன்சக்கரம் 12 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், 6 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம்) உள்ள பேருந்தின் பின்சக்கரம் ஏறக்குறைய 1.6 மீட்டர் உள்ளே வரும். அந்த இடத்தில் ஏறிவரும் பைக் இருந்தால் மாட்டிக்கொள்ளும். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்று 2017-ம் ஆண்டு வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் சொல்கின்றன; இறங்குபவர் நிற்க வேண்டும். 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே தென்காசி மாவட்டச் சுற்றுலாப் பயணிகளின் பேருந்து பள்ளத்தில் விழுந்தது. இப்படி ஒரு நாள் ஒரு வருடத்தின் உயிரிழப்பு எண்ணையே தூக்கிவிடும் என்பதால், விபத்துகளின் எண்ணிக்கையையும் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதாமல் தனித்தனியாக வையுங்கள்.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் (மோட்டார் வாகனச் சட்டம் 194இ). வளைவுக்கு அந்தப்புறம் சைரன் சரியாகக் கேட்காது என்பதால் ஹாரனையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். உள்ளே ஸ்ட்ரெச்சர் தாழ், நோயாளியின் பெல்ட், ஆக்ஸிஜன் சிலிண்டர் கட்டு, உடன் இருப்பவரின் பெல்ட் என்ற நான்கையும் புறப்படுமுன் தொட்டுப் பாருங்கள். பதிவேட்டில் நோயாளி இறந்திருந்தால், நோயாலா விபத்தாலா என்பதை மருத்துவமனைத் தாளைப் பார்த்தபிறகே நிரப்புங்கள்.

இந்தக் கணக்கை எங்கே கொடுப்பது

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் ஐந்து இருந்தால் அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால்தான் அதைக் கரும்புள்ளி என்பார்கள். நான்கு விபத்து நடந்த வளைவு அந்தப் பட்டியலில் ஏறாது. இருபது உரசல் நடந்த வளைவும் ஏறாது. உங்கள் நோட்டில் இரண்டும் இருக்கும். கலெக்டர் தலைமையில் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனு கொடுக்கும்போது ‘இங்கே விபத்து அதிகம்’ என்று எழுதாமல், வளைவு எண், திசை, வண்டி வகை, முதலில் நடந்தது என்ற நான்கு கட்டங்களை ஒரே பக்கத்தில் எடுத்து எழுதி, இறங்கி வரும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதுபோல் எடுத்த ஒரு புகைப்படத்தை இணையுங்கள். கேட்பதும் குறிப்பாக இருக்கட்டும்: தடுப்புச் சுவர் இத்தனை மீட்டர், குவி கண்ணாடி இந்த மூலையில், லோடு வண்டி நின்று ஆற இந்த இடத்தில் ஒதுங்குதளம். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிப் பதிவேட்டிலேயே ஒட்டிவையுங்கள்.